வியாழக்கிழமைத் தண்ணீர்

சியார்பாத்தா
9 ஜனவரி 2011, ஞாயிறு

தம்பி செனோன்,

தொலைபேசியில் பேசினால் உனக்குக் காது கேட்காது, எனக்குப் பொறுமை இருக்காது. அதனால் எழுதுகிறேன். எவாரிஸ்தோவின் மினிபஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

முந்தாநாள் நீ வரவில்லை. ஊர்ப் பொறுப்பை ஒருவர் தனியாக ஏற்க முடியாது, ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் நிற்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாததல்ல. அப்போலினார் போய் நாலு வருடம் ஆகிறது. புருஷன் இல்லாதவளுக்குக் கூடப்பிறந்தவன் நிற்கலாம் என்று கூட்டத்தை ஒப்புக்கொள்ள வைத்ததே பெரும்பாடு. பதினோரு மணி வரை பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஊர்த்தலைவர், எனக்குப் பக்கத்து நாற்காலியில் அப்போலினாரின் போன்ச்சோப் போர்வையை மடித்துப் போடச் சொன்னார். செத்தவனின் துணியோடு சேர்ந்து நான் உறுதிமொழி எடுத்தேன். ஊரே பார்த்தது.

மறுத்திருக்கலாமே என்பாய். முறை வரும்போது பொறுப்பு ஏற்காத வீட்டுக்கு நிலம் கிடையாது. அது அப்பாவின் நிலம். பாதி உன்னுடையது.

எனக்கு விழுந்த பொறுப்பு கோரை. ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் குறுக்கே பன்னிரண்டு வரிசை தொத்தோராக் கோரை நட்டிருக்கிறோம். ரொஸாரியோ என்று ஒரு இஞ்சினியர் அம்மா வந்து சொல்லிக் கொடுத்தது. மேலே எல் ஆல்ட்டோ நகரத்திலிருந்து வருகிற சாக்கடை முழுவதும் இந்தக் கோரை வழியாகத்தான் ஏரிக்குள் போக வேண்டும். "வேர் அழுக்கைப் பிடிச்சு வெச்சுக்கும். ஆனா ஆறு மாசத்துக்கு ஒருதடவை வெட்டி அப்புறப்படுத்தலைன்னா, பிடிச்சதெல்லாம் அழுகித் திரும்பத் தண்ணிக்கே போயிடும்" என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறாள். வெட்டியதை மாட்டுக்குப் போடக்கூடாது. மாட்டை அதில் இறங்க விடவும் கூடாது. பார்த்துக்கொள்ள வேண்டியது நான்.

வயிறு நனையத் தண்ணீரில் இறங்கிக் கோரை தின்றே வளர்ந்தவை இந்த ஊர் மாடுகள். அவற்றை ஒரு வருடம் நான் ஒருத்தி சவுக்கோடு விரட்ட வேண்டும். ஊரைவிட்டு ஒரு நாள்கூட நகர முடியாது. என் சொந்த மாடுகள் மூன்றும் கரையில் நின்று என்னையே பார்க்கின்றன.

ஏன் வரவில்லை என்று மட்டும் எழுது.

ஃபோர்த்துனாத்தா


எல் ஆல்ட்டோ
30 ஜனவரி 2011

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வீட்டில் பசிலியாவிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவளும் உன்னோடு சேர்ந்துகொள்வாள்.

விடுப்புக் கேட்டேன். முதலாளி இல்லை என்று சொல்லவில்லை. "போயிட்டு வா. ஆனா முற்றத்துச் சாவியை வேற ஆள்கிட்ட குடுத்துட்டுப் போ" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருக்கும் அறை தோல் பட்டறை முற்றத்துக்குள் இருக்கிறது. சாவி வைத்திருப்பவனுக்குத்தான் அந்த அறை. எங்கள் நெலிதாவுக்கு ஞானத்தந்தையும் அவர்தான். பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் கோபப்பட்டால் ஒரே நாளில் வீடு, வேலை, பிள்ளையின் பள்ளி மூன்றும் போய்விடும்.

நான் ஞாயிற்றுக்கிழமைகூட வாசலைத் தாண்டுவதில்லை அக்கா. தோலைப் பீப்பாயில் போட்டு உருட்டுபவனும் நான்தான், காவல்காரனும் நான்தான். இரண்டு நாய்கள் இருக்கின்றன. அவையாவது சில நாள் சுவர் ஏறிக் குதித்து வெளியே போய் வருகின்றன.

அப்போலினார் அத்தானின் போன்ச்சோவைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செனோன்


சியார்பாத்தா
17 ஏப்ரல் 2011

தம்பி,

உன் மேல் கோபம் தீரவில்லை. ஆனால் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். இங்கே என்னோடு பேசுகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

தண்ணீர் தெளிந்துவிட்டது. பன்னிரண்டாவது வரிசைக்குப் பின்னால் முழங்கால் ஆழத்தில் நின்றேன். என் கால்விரல்கள் தெரிந்தன. சும்மா சொல்லவில்லை, பத்தையும் எண்ணினேன். கடைசியாக எப்போது அங்கே தரையைப் பார்த்தோம்? நீ ஊரைவிட்டுப் போவதற்கு முன்பு. நாற்றம் பாதியாகிவிட்டது. ஏழாவது வரிசையில் ஒரு வாத்து கூடு கட்டியிருக்கிறது. ரொஸாரியோ வந்து புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஊருக்கு இதில் சந்தோஷம் இல்லை என்று சொல்ல முடியாது. சந்தோஷம்தான். ஆனால் மாட்டை விரட்டுகிறவள் மேல் கோபம் தனி. இலாரியோன் போமாவின் காளை மூன்று முறை உள்ளே இறங்கியது. மூன்று முறையும் பிடித்துக் கட்டிவைத்தேன். அவன் கரையில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி, "புருஷன் போனப்புறம் அந்தக் கோரையையே கட்டிக்கிட்டியா?" என்றான். "ஆமா. உன்னை மாதிரி இல்லாம தினமும் குளிக்குதே" என்றேன். சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து அவன் வீட்டுப் பெண்கள் கிணற்றடியில் என்னைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நெலிதாவுக்கு வாத்தைப் பற்றிச் சொல்.

ஃபோர்த்துனாத்தா


சியார்பாத்தா
12 ஜூன் 2011

செனோன்,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. இதற்காவது போடு.

முதல் வரிசை கருகிவிட்டது. குளிர்காலப் பனியில் கருகியது என்றுதான் முதலில் நினைத்தேன். பனி என்றால் நுனியிலிருந்து கருகும். இது அடியிலிருந்து கருகுகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழைய இரும்பு நிறத்தில் இருக்கிறது. இப்போது இரண்டாவது வரிசையிலும் ஆரம்பித்திருக்கிறது. மேலே ஆறு வரும் பக்கத்திலிருந்துதான் சாகிறது.

நான் நாள் குறித்து வைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் வருகிற தண்ணீர் வேறு. சாக்கடை சாம்பல் நிறமாக இருக்கும். சனிக்கிழமைத் தண்ணீரில் நீலமும் பச்சையும் கலந்து ஓடுகிறது. மழைக்காலத்தில் தெரியவில்லை. ஆறு வற்றிய பிறகு தெளிவாகத் தெரிகிறது. கையை விட்டால் எரிகிறது. மத்தியானத்துக்குள் போய்விடுகிறது. ரொஸாரியோ பார்த்துவிட்டு, "இது வீட்டுச் சாக்கடை இல்லை. தோல் பதனிடற உப்பா இருக்கலாம்" என்றாள். சோதனைக்கு அனுப்பியிருக்கிறாள். பதில் வர அக்டோபர் ஆகுமாம்.

நீ பதினோரு வருடமாகத் தோல் வேலை செய்கிறாய். உங்கள் பட்டறைத் தண்ணீர் எங்கே போகிறது? என்ன நிறம்? எந்தக் கிழமை?

அக்கா


எல் ஆல்ட்டோ
3 ஜூலை 2011

அக்கா,

பசிலியாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, அதனால் எழுத முடியவில்லை. இப்போது பரவாயில்லை.

இந்த ஓடைக்கரையில் முப்பது பட்டறை இருக்கிறது. தோல், சாயம், பேட்டரி, ஆடு மாடு அறுக்கிற இடம். யார் எதை ஊற்றுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? நான் கூலிக்காரன். சொன்னதைச் செய்கிறவன். என்னை இதையெல்லாம் கேட்காதே. எழுத்தில் கேட்காதே. எவாரிஸ்தோ நல்லவர்தான், ஆனால் கடிதம் கைமாறும்.

நெலிதா வாத்துப் படம் வரைந்திருக்கிறாள். இதோடு வைத்திருக்கிறேன். கால் மூன்று போட்டுவிட்டாள்.

செனோன்


சியார்பாத்தா
14 ஆகஸ்ட் 2011

தம்பி,

படம் வந்தது. சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். தெரியாதவன் தெரியாது என்று ஒரு வரியில் எழுதுவான். நீ முப்பது பட்டறையைக் கணக்குச் சொல்லியிருக்கிறாய்.

இப்போது நிலைமையைக் கேள். மேய்ச்சல் நிலம் பனியில் எரிந்துவிட்டது. மழைக்கு இன்னும் மூன்று மாதம். மாடுகளின் விலா எலும்பை எண்ணலாம். என் சினைப் பசு நேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. உருளைக்கிழங்குத் தோலும் உலர்ந்த பார்லித் தாளும் போடுகிறேன். அதுவும் தீரப்போகிறது. கண்ணெதிரே ஆற்றில் ஒன்பது வரிசைக் கோரை பச்சையாக நிற்கிறது. நான் மாடாக இருந்தால் என்னையே முட்டித் தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

வருகிற ஞாயிறு, 21ஆம் தேதி, ஊர்க்கூட்டம். கோரையில் மாட்டை விடலாமா என்று கை தூக்கப்போகிறார்கள். விடுவதாகத்தான் முடிவாகும். என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. "சோதனைப் பதில் வரட்டும்" என்றால், "அதுவரைக்கும் மாடு காகிதத்தையா திங்கும்?" என்கிறார்கள். அவர்கள் கேட்பதும் சரிதான்.

உன்னை இனி வேறெதுவும் கேட்கவில்லை. ஒரே கேள்வி. இந்தக் கோரையைத் தின்ற மாட்டின் பாலை நீ நெலிதாவுக்குக் கொடுப்பாயா?

ஃபோர்த்துனாத்தா


எல் ஆல்ட்டோ
18 ஆகஸ்ட் 2011, வியாழன்

அக்கா,

கொடுக்கமாட்டேன்.

அந்தத் தண்ணீரைத் திறந்துவிடுகிறவன் நான்தான். எங்கள் முற்றத்தில் தரைக்குக் கீழே மூன்று தொட்டி இருக்கிறது. தோல் பதனிட்டு மிஞ்சும் நீலத் தண்ணீர் அதில் சேரும். வியாழக்கிழமை இங்கே பெரிய சந்தை. தெருவெல்லாம் கூட்டம், இரைச்சல். அந்த நேரத்தில் மத்தியானம் நான் குழாயின் திருகைத் திறப்பேன். குழாய் தெருவுக்கு அடியில் போய் ஓடையில் விழும். அரை மணி நேரத்தில் தொட்டி காலி. வியாழன் திறந்தால் சனிக்கிழமை உன்னிடம் வரும். நீ கிழமை எழுதியபோதே அது எங்கள் தண்ணீர் என்று தெரிந்துவிட்டது.

அந்த உப்பின் பெயர் குரோமியம். அதோடு மயிர் நீக்குகிற மருந்தும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். என் கைகளை நீ பார்த்ததில்லை. மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிந்து வெடித்திருக்கும். பசிலியா என் துணியைத் தனியாகத்தான் துவைப்பாள்.

முன்பெல்லாம் பாதியளவுதான் திறப்போம், பயந்து பயந்து. போன வருடம் முதலாளி எங்கோ கேள்விப்பட்டுவிட்டு வந்து, "கீழ ஊர்க்காரங்க ஆத்துல ஏதோ செடி நட்டிருக்காங்களாம். அழுக்கையெல்லாம் அது குடிச்சிடுமாம். இனி நமக்குக் கவலையில்லை" என்றார். அன்றிலிருந்து மூன்று தொட்டியும். செடி நட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

மாட்டை விடாதே. எந்த வரிசையிலும் விடாதே. பச்சையாக இருப்பதால் ஒன்றுமில்லை என்று நினைக்காதே. வேர் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.

கூட்டத்தில் தேவைப்பட்டால் இந்தக் கடிதத்தைப் படி. படித்தால் என் பெயர் வெளியே வரும், வெளியே வந்தால் இங்கேயும் வந்து சேரும். படிக்காதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. படி என்று சொல்லவும் தைரியமில்லை. உன் இஷ்டம்.

இன்றும் திறந்தேன். திறந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

செனோன்


சியார்பாத்தா
22 ஆகஸ்ட் 2011

செனோன்,

படித்துவிட்டேன். முழுவதும், உன் பெயரோடு.

பெயரை மட்டும் விட்டுவிடலாம் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனேன். பெயரில்லாத காகிதத்துக்காக யாரும் மாட்டைப் பட்டினி போடமாட்டார்கள். அதனால் படித்தேன். "இன்றும் திறந்தேன்" என்ற இடத்தில் காகிதத்தை நீட்டிவிட்டேன். ஊர்த்தலைவர் வாங்கி மீதியைப் படித்தார்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இலாரியோன்தான் எழுந்தான். அவன் கன்று ஜூலையில் செத்தது. எனக்குத் தெரியாமல் கோரையை அறுத்து அதற்குப் போட்டிருக்கிறான். "எத்தனை வருஷமா திறக்கறான்?" என்று என்னைக் கேட்டான். "பதினோரு வருஷமா" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

மாட்டை விடுவதில்லை என்று முடிவானது. அடுத்து உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. உன் நிலத்தைப் பறிப்பார்கள் என்று பயந்தேன். நான் உனக்காகப் பேச எழுந்தேன். அவன் இங்கே திரும்பி வந்துவிடட்டும், என்னோடு கோரையில் நிற்கட்டும் என்று கேட்டேன். ஊர்த்தலைவர், "வேண்டாம்மா. அவன் அங்கேயே இருக்கட்டும். இவன் வந்தா அந்தத் திருகை வேற எவனாவது திறப்பான். அவன் நமக்குச் சொல்லமாட்டான். உள்ள ஒரு ஆள் நமக்கு வேணும்" என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள்.

ஆகவே இதுதான் ஊர்க் கட்டளை. ஒவ்வொரு வியாழனும் எத்தனை தொட்டி என்று எழுதி எவாரிஸ்தோவிடம் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை நாங்கள் ஆற்றில் தண்ணீர் எடுக்கமாட்டோம், மாட்டையும் கரைக்கு விடமாட்டோம். உன்னை அங்கிருந்து விடுவிக்கத்தான் எழுந்தேன். இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

என் பசு இறந்துவிட்டது. கன்று வயிற்றிலேயே போயிற்று. பசியால்தான்.

அக்கா


25 ஆகஸ்ட், வியாழன்

இரண்டு தொட்டி. 12 மணிக்கு.

செ.


1 செப்டம்பர், வியாழன்

மூன்று தொட்டி. 12:30. இன்று திருகைப் பாதியில் மூடினேன். முதலாளி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பத் திறந்தேன்.

செ.


எல் ஆல்ட்டோ
8 செப்டம்பர் 2011, வியாழன்

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருவது பசிலியா. நெலிதாவும் கூட வருகிறாள். ஒரு மூட்டையும் சமையல் பாத்திரமும்தான் எடுக்க முடிந்தது. அவர்களை உள்ளே விடு. எனக்காக இல்லாவிட்டாலும் விடு.

இன்று நான் திறக்கவில்லை. வேண்டுமென்று திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை. திருகு முன்னால் போய்க் குந்தினேன். எழுதிக் கொடுக்கக் காகிதமும் பையில் இருந்தது. மூன்று என்று எழுதியும்விட்டேன். அதன் பிறகு கை போகவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது.

இந்த வாரம் வேலை அதிகம். தொட்டி மூன்றும் விளிம்பு வரை நிறைந்திருந்தன. காலையில் உருட்டிய பீப்பாய்களை மற்ற ஆட்கள் வழக்கம்போல் கவிழ்த்தார்கள். தண்ணீர் போக இடமில்லாமல் முற்றத்தில் ஏறியது. இப்போது கணுக்கால் வரை நிற்கிறது. எங்கள் அறைக்குள்ளும் வந்துவிட்டது. நெலிதாவைத் தூக்கிக் கட்டில் மேல் நிற்க வைத்துவிட்டுத்தான் எவாரிஸ்தோவைக் கூப்பிட ஓடினேன். அவர் மறுக்கவில்லை. வண்டி வாசலில் நிற்கிறது.

பசிலியா என்னையும் வரச் சொன்னாள். "சாவியை நாய்க்கிட்ட போட்டுட்டு வண்டியில ஏறுங்க" என்றாள். நான் ஏறினால் முதலாளி மூன்று மணிக்கு வந்து தானே திறந்துவிடுவார். தெருவில் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். ஆகவே இருக்கிறேன். தண்ணீர் கதவுக்கு அடியில் கசிந்து தெருவுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. சந்தைக்காரப் பெண்கள் நின்று பார்க்கிறார்கள். ஒருத்தி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னய்யா இது, வானம் கரைஞ்சு ஓடுது?" என்று என்னைக் கேட்கிறாள்.

உண்மையைச் சொல்லப்போகிறேன்.

செனோன்


சியார்பாத்தா
18 செப்டம்பர் 2011

தம்பி செனோன்,

காவல் நிலையத்தில் உன்னை வைத்திருக்கிறார்கள் என்று எவாரிஸ்தோ சொன்னார். இந்தக் கடிதத்தை உள்ளே கொடுக்க வழி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். யாராவது முதலில் பிரித்துப் படித்தால் படிக்கட்டும்.

பசிலியாவும் நெலிதாவும் என் வீட்டில் இருக்கிறார்கள். வந்த அன்று நெலிதாவின் காலைக் கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை கழுவினோம். சிவந்திருந்தது, இப்போது இல்லை. இங்குள்ள பிள்ளைகளோடு விளையாடப் போகிறாள். உன்னை அவள் ஒரு நாளுக்கு ஒரு முறைதான் கேட்கிறாள். பசிலியா கேட்பதே இல்லை. கோரையில் எனக்குப் பதிலாகக் காலையில் அவள்தான் நிற்கிறாள்.

உனக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. அந்த நீலத் தண்ணீர் தெருவில் இறங்கிப் பள்ளிக்கூடச் சுவர் வரை போயிருக்கிறது. தாய்மார்கள் முற்றத்துக் கதவை மறித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நகராட்சி ஆட்கள் வந்து குழாயைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் பட்டறைக்கு முத்திரை வைத்துப் போயிருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. உன் முதலாளி, நீ நாற்பது தோலைத் திருடி விற்றாய் என்றும், அதை மறைக்கத் தொட்டியை அடைத்தாய் என்றும் புகார் கொடுத்திருக்கிறார். பட்டறையை மூடியதால் வேலை போன பதினெட்டுப் பேரில் ஒருவர்கூட உனக்குச் சாட்சி சொல்ல வரவில்லையாம். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

பத்தாம் தேதியும் நேற்றும் சனிக்கிழமைத் தண்ணீரைப் பார்த்தேன். சாம்பல் நிறம். வெறும் சாக்கடை. இவ்வளவு அழுக்கைப் பார்த்து ஒருத்தி சந்தோஷப்படுவாளா? பட்டேன்.

ஆனால் முதல் நாலு வரிசையைக் காப்பாற்ற முடியவில்லை. வேரோடு பிடுங்கிக் கரையில் குவித்துப் பிளாஸ்டிக் விரித்து மூடியிருக்கிறோம். எரிக்காதே, புதைக்காதே, மாட்டை அண்டவிடாதே என்கிறாள் ரொஸாரியோ. பிறகு எங்கே கொண்டு போவது என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. ஏற்றிப் போக லாரி வருமா என்று கடிதம் போட்டிருக்கிறாள். அதுவரை அந்தக் குவியலுக்கும் நான்தான் காவல்.

இன்று காலை உன்னைப் பற்றிக் கூட்டம் நடந்தது. ஊர் சார்பாக உனக்குச் சாட்சி சொல்லப் போவதா வேண்டாமா என்று. சுலபமாக முடியவில்லை. "பதினோரு வருஷம் ஊத்தினவன் பதினோரு நாள் உள்ள இருந்தா என்ன?" என்று ஒருவர் கேட்டார். என் செத்த பசு என் கண் முன்னால் இருந்தது. அவர் சொல்வது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, செனோன். உனக்கு இதை மறைக்கமாட்டேன். போகலாம் என்று பத்தொன்பது கை, வேண்டாம் என்று பதினாலு கை. நான் உன் அக்கா என்பதால் என் கையை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் தூக்கியிருப்பேன். ஆனால் உடனே தூக்கியிருக்கமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை வருகிறோம். ஊர்த்தலைவர், இலாரியோன், ரொஸாரியோ, நான். எனக்கு இரண்டு நாள் விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். நீ திருகு திறந்த நாளையெல்லாம் கேட்பார்கள். ஒன்றையும் விடாமல் சொல். திருடவில்லை என்பதை அவர்கள் நம்ப வேண்டுமானால், செய்ததை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. இலாரியோனும் உன்னிடம் ஏதோ கேட்க வேண்டுமாம். என்னவென்று என்னிடம் சொல்லவில்லை.

உள்ளே குளிர் அதிகம் என்றார் எவாரிஸ்தோ. போர்வையும் கொஞ்சம் வேகவைத்த கிழங்கும் கொண்டு வருகிறேன். உன் கைக்குத் தடவ மருந்தும் எடுத்து வைத்திருக்கிறேன். கோபத்தையும் கொண்டுதான் வருகிறேன், தம்பி. அதை வாசலில் வைத்துவிட்டு வா என்று மட்டும் சொல்லாதே.

ஃபோர்த்துனாத்தா